தோட்டமில்லாதவரின் தோட்ட விடுப்பு

கலவைக்காரருக்குத் தோட்டம் கிடையாது. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு சிமெண்ட் தரை, அதில் மூன்று தொட்டி, மூன்றிலும் தக்காளிச் செடி. அதில் ஒன்று செத்துப்போய் வெகுநாளாகிறது. ஆனால் மனிதருக்குக் கிடைத்திருந்ததோ ஓர் ஆண்டு முழுக்கத் தோட்ட விடுப்பு.

கார்ப் பந்தயத்தின் உச்சியில் இருக்கிற நிறுவனங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் வேலை தெரிந்த ஒருவர் ஒரு நிறுவனத்தை விட்டு எதிரி நிறுவனத்துக்குப் போகிறேன் என்று சொன்னால், உடனே போக முடியாது. ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். சம்பளம் மாதாமாதம் வந்துவிடும். பழைய இடத்துக்கும் போகக்கூடாது, புதிய இடத்துக்கும் போகக்கூடாது. பழைய ஆட்களிடம் வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வேறு என்னதான் செய்வது, போய்த் தோட்டம் போடு என்கிறார்கள். அதனால் அந்தப் பெயர். தலைக்குள் இருக்கிற சரக்கு பழசாகிப் புளித்துப்போன பிறகு எதிரியிடம் போய்ச் சேரட்டும் என்பதுதான் உள்நோக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கென்ன சார், ராஜ வாழ்க்கை" என்றார். கலவைக்காரரும் சிரித்துவைத்தார். சும்மா இருக்கிறவனைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை. சும்மா இருந்து பார்த்தவனுக்கல்லவா தெரியும் அது என்ன லட்சணம் என்று.

காலையில் எழுந்து டீ போடுவார். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைப்பார். மனைவி போய் மூன்று வருடமாகிறது, கைக்கு மட்டும் அது இன்னும் உறைக்கவில்லை. பிறகு டம்ளரோடு பின்பக்கம் போய்த் தொட்டிகளுக்கு நடுவே நிற்பார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், ஊர் எல்லையில் இருக்கிற தொழிற்சாலையின் சோதனை மேடையில் ஓடுகிற இன்ஜின் சத்தம் கேட்கும். மெல்லிசாக, கொசு காதருகில் வந்து போகிற மாதிரி. அந்தச் சத்தத்தில் இன்ஜின் எந்தச் சுற்றில் இருக்கிறது, எங்கே கியர் மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே டீயை ஆறவிடுவார். அதை முடுக்குகிறவன் அவருடைய மச்சான்.

பந்தயக் காருக்கு ஊற்றுகிற பெட்ரோலைக் கலக்குவதுதான் அவர் வேலை. ஏதோ பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்து நிற்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் பெட்ரோல்தான். ஆனால் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்று விதி கழுத்தைப் பிடிக்கும். இப்போதெல்லாம் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயே கூடாது, செடிகொடிக் கழிவிலிருந்தும் காற்றிலிருந்தும் செய் என்கிறார்கள். அந்த விதிக்குள் நின்றுகொண்டே பெட்ரோல் வேகமாக எரிய வேண்டும். ஆனால் தீப்பொறி படுவதற்கு முன்னால் தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடித்த மாதிரி அடித்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடக்கிற பிழைப்பு அது. ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கலந்து, சோதனை மேடைக்கு அனுப்பி, அங்கிருந்து சேதி வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சேதி சொல்கிறவன் மச்சான்தான். மனைவியின் தம்பி. இவர்தான் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டார். அடுத்த தெருவில் வீடு, கல்யாணம் கில்யாணம் கிடையாது. மேடையில் இன்ஜினை ஏற்றி, கட்டி, குழாய்களைப் பூட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து முடுக்குவான். வந்து உட்கார வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் முதல் முடுக்கின்போது மட்டும் அவன் உள்ளேயே நிற்பான். எரிபொருள் குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வெளியே இருக்கிறவனிடம் கண்ணைக் காட்டி முடுக்கச் சொல்வான். கசிவு இருந்தால் கருவி சொல்வதற்கு முன் கை சொல்லிவிடும் என்பான். எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான். திருந்துகிற ஜென்மமில்லை.

பதினேழாவது கலவை தேறின அன்று அவன் ஆய்வகத்துக்கே ஓடி வந்தான்.

"அத்தான், எட்டுக் குதிரை வந்துருச்சு! கட்டி வைக்க இடமில்ல!"

ஒரு டப்பா பெட்ரோலை மாற்றியதில் எட்டுக் குதிரைத்திறன் கூடுவது சாதாரண விஷயமில்லை. ஒரு வருடம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாலும் அரைக் குதிரை வராத காலமெல்லாம் உண்டு. அன்றைக்கு அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புதிய கலவை வந்தால் குழாய் மூட்டுகளில் போடுகிற ரப்பர் வளையங்களை அதில் ஒரு வாரம் ஊறப்போட்டு, ஊதுகிறதா, இளகுகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அந்த ஜாடியில் ஊறித் தேறிய கறுப்பு வளையங்களில் இரண்டை எடுத்தார். ஒன்றைத் தன் வீட்டுச் சாவியில் மாட்டினார். இன்னொன்றை மச்சானிடம் கொடுத்தார். அவனிடமும் இந்த வீட்டுச் சாவி ஒன்று உண்டு. அக்கா படுக்கையில் இருந்த நாட்களில், இவர் வேலையில் மாட்டிக்கொண்டால் அவன் வந்து பார்ப்பதற்காகக் கொடுத்தது. அவள் போன பிறகும் அவன் திருப்பித் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்காமல் கதவைத் திறந்துகொண்டு வருவான். "அத்தான், உயிரோட இருக்கீங்களா?" என்பதுதான் அவன் வணக்கம். இரண்டு பேரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் பந்தயம் பார்ப்பார்கள்.

அவ்வளவு நன்றாக இருந்ததை எதற்குக் கெடுத்துக்கொண்டார்? அவரைக் கேட்டால், எதிரி நிறுவனம் தனி ஆய்வகம் தருகிறேன் என்றது, கலவையில் நீங்கள் வைத்ததுதான் சட்டம் என்றது என்பார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவளோடு நடந்த தெருவாக இருந்தது. வேறு ஊரில் போய் மூச்சு விடலாம் என்று தோன்றியது. இதை முதலில் மச்சானிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு மேலதிகாரியிடம் சொன்ன அந்த மணி நேரமே காவலாளி வந்து கூடவே நடந்து, வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அங்கே வழக்கம் அதுதான், யாரிடமும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல விடமாட்டார்கள். மச்சான் மதியம் சாப்பாட்டு மேசைக்கு வந்து, எதிர் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் வந்தான். ஆனால் மணி அடித்துவிட்டு வந்தான். வேலையைப் பேசக்கூடாது. இருபது வருடமாக வேலையைத் தவிர வேறு எதையும் பேசிப் பழகாத இரண்டு ஆண்கள் என்னதான் பேசுவார்கள்?

"வெயில் ஜாஸ்தி இல்ல?"

"ஆமா. தக்காளிக்கு ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன்."

"காய் புடிச்சிருக்கா?"

"இன்னும் இல்ல."

இதோடு கையிருப்புத் தீர்ந்துவிடும். தொலைக்காட்சியில் இன்ஜின்கள் கத்தும். இவர்கள் இரண்டு பேரும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல நேராக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் இரண்டு முட்டையை வேகவைத்து, இரண்டையும் தானே சாப்பிட்டார். தனக்குத் தனிமை பழகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பொய், அது பழகவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருடத்தின் நடுவில் எல்லாப் பந்தய நிறுவனங்களும் சில வாரம் கதவை அடைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த வருடமும் அடைத்தார்கள். பின்பக்கம் டீயோடு நின்றவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருந்த ஒரு துணையும் போயிற்று. திங்கட்கிழமை திறப்பார்கள் என்கிற நிலையில், சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்து, பையை இடுக்கிக்கொண்டு பூட்டில் சாவியைத் திருப்பினார். சாவி கையோடு நின்றது. வளையம் கீழே விழுந்தது, இரண்டு துண்டாக.

முதலில் அவர் அதைக் காலால் தள்ளிவிடத்தான் பார்த்தார். பிறகு கை தானாகக் குனிந்து எடுத்தது. விரலால் வளைத்தார். காய்ந்த தோல் மாதிரி வெடித்தது. ஓரமெல்லாம் நூல் நூலாகக் கீறல். புதிய வளையத்தைவிடச் சிறுத்தும் போயிருந்தது.

துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜாடியில் ஊறியபோது இந்த வளையம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஊதியது, அளவுக்குள் நின்றது, தேறியது. ஆனால் ஊறும்போதே கலவை அதன் உள்ளேயிருந்த, ரப்பரை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிட்டிருக்கிறது. ஈரம் இருக்கும்வரை தெரியாது. காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். காயவைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றியிருக்காது. பந்தய இன்ஜினை யார் காயவிடுகிறார்கள்? பதினேழாவது கலவை வந்த நாளிலிருந்து மேடை இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இந்த விடுமுறைக்குத்தான் முதல்முறையாக எரிபொருளை வடித்து, காற்றடித்து, வறட்டு வறட்டென்று காயவைத்து மூடியிருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அதில் திரும்பவும் பதினேழை நிரப்பி, அவ்வளவு அழுத்தத்தில் முடுக்குவார்கள். வளையம் வெடிக்கக்கூட வேண்டாம், ஒரு மயிரிழை சுருங்கியிருந்தால் போதும். பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், பக்கத்திலேயே சற்று நேரத்தில் பழுத்துச் சிவக்கிற புகைக்குழாய். அந்த மூட்டின் மேல்தான் மச்சான் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான்.

கலவைக்காரருக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒப்பந்தம், வக்கீல், புதிய ஆய்வகம் எல்லாம் அவர் நினைவுக்கு வந்தன. வரவில்லை என்று சொன்னால் பொய். பையை வாசலிலேயே வைத்துவிட்டு, உடைந்த துண்டுகளைக் கையில் மூடிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

மச்சான் வீட்டு முன்னால் வாளியோடு கார் கழுவிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே அதை அணைத்துக்கொண்டான்.

"வாங்க அத்தான். என்ன இந்தப் பக்கம்?"

"மச்சான், ஒரு விஷயம் சொல்லணும்."

"வேலை விஷயம்னா வேண்டாம்."

"வேலை விஷயம்தான். திங்கக்கிழமை அந்த இன்ஜினை முடுக்காத. பதினேழாவது கலவை வளையத்தைத் தின்னுது. காஞ்சா வெடிச்சுடும். இந்தா பாரு."

கையை நீட்டினார். மச்சான் அதைப் பார்க்காமல் காரின் கண்ணாடியையே துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"உள்ள வைங்க அத்தான். நான் எதையும் பார்க்கல."

"கறுப்பு வளையத்தை எடுத்துட்டுப் பச்சை வளையம் போடுங்க. அது வேற ரப்பர், காஞ்சாலும் தாங்கும்."

"பச்சை கொஞ்சம் தடிமன். மூட்டு எல்லாத்தையும் திரும்பக் கடையணும். ஒரு வாரம் போயிடும். அடுத்த பந்தயத்துக்குப் பழைய பெட்ரோல்தான் ஊத்தணும். எட்டுக் குதிரை அம்போ." இப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். "இதனால யாருக்கு லாபம்னு நான் யோசிக்கணுமா இல்லையா? நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கப் போறவன் யாரு?"

கலவைக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். இப்படி ஒரு அர்த்தம் இதற்கு இருக்கிறது என்று அவருக்கு வழியெல்லாம் உறைக்கவே இல்லை. அந்தத் தொழிலில் எதிரி வந்து சொல்கிற எச்சரிக்கைக்கு அந்த அர்த்தம்தான் உண்டு. அவரே அவன் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"நீ முதல் முடுக்குக்கு உள்ள நிப்பே. கையை அங்கதான் வைப்பே," என்றார். "எனக்கு அது ஒண்ணுதான்டா பயம்."

"போறப்ப சொல்லிட்டுப் போகத் தோணல. இப்ப என் கை மேல அக்கறையா?"

வாளித் தண்ணீரில் துணியைப் போட்டான்.

"தப்புதான். அதுக்கு என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. என் கையில இருக்கிறதை நம்ப வேண்டாம். உன் கிட்ட எங்க வீட்டுச் சாவி இருக்குல்ல, அதைப் போய்ப் பாரு. அதுவும் அதே ஜாடியில ஊறின வளையம்தான். நான் அதைத் தொடவே இல்ல."

மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கலவைக்காரர் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வாசலில் வைத்த பையில் பால் வெயிலில் வெதுவெதுத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து பின்பக்கமே கதி என்று கிடந்தார். காற்று சரியான பக்கமிருந்துதான் அடித்தது. இன்ஜின் சத்தம் வரவில்லை. முடுக்கவில்லையா, முடுக்கி ஏதாவது ஆகிவிட்டதா? சத்தம் கேட்காத ஒரு காலைக்கு எத்தனை அர்த்தம்! மத்தியானம் பொறுக்க முடியாமல் மச்சான் தெருமுனைக்குப் போய் ஒரு சுவரோரம் நின்றார். சாயந்திரம் அவன் கையில் காய்கறிப் பையோடு வந்தான். இரண்டு கையும் இருந்தன. அப்பாடா என்று இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் இவரைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான்.

அந்த வாரம் முழுக்கச் சத்தமில்லை. அதற்கு அடுத்த வாரம் இன்ஜின் ஓடியது, பழைய சுருதியில், நன்றாக. வளையத்தை மாற்றினார்களா, அல்லது மாற்றாமலே ஓடுகிறதா, தான் உளறிவிட்டு வந்தோமா என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு வாரம் கழித்துப் புதிய நிறுவனத்து வக்கீலம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நீங்க அவங்க ஆள்கிட்ட வேலை விஷயம் பேசினீங்களா?"

"பேசினேன்."

"ஏன் சார்?"

"பேசலேன்னா அவன் கை போயிருக்கும். ஆளேகூட போயிருப்பான்."

வக்கீலம்மா நல்ல மனுஷி, சொல்ல வேண்டியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பழைய நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினதாகச் சொல்கிறது. விடுப்பு முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அவ்வளவு காலம் புதிய நிறுவனம் காத்திருக்காது. தவிர, எதிரிக்கு ஓடிப்போய் உதவி செய்கிறவரை வைத்துக்கொள்ள அங்கே யோசிக்கிறார்கள்.

"யார் சொன்னாங்க நான் பேசினேன்னு?"

"அவரேதான் சார். அவரே போய்ச் சொல்லியிருக்கார். இனி உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டேன், எந்தத் தொடர்பும் வெச்சுக்கமாட்டேன்னு கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. சொந்தமா இருந்தாலும் கூடாதாம்."

கலவைக்காரருக்குக் கோபம் வரவில்லை. பந்தய இன்ஜினில் ஒரு திருகை மாற்றுவதென்றாலும் ஏன் என்று சொல்லியாக வேண்டும். இவரைக் காட்டிக்கொடுக்காமல் மச்சான் வாயைத் திறந்திருக்கவே முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தது எதற்காக? வளையத்தை மாற்றுவதற்கா, சொந்த அத்தான் சதி செய்ய வந்தார் என்று புகார் சொல்வதற்கா? அதுதான் அவரைப் போட்டு அரித்தது. வேலை போனதைக்கூட அவர் அவ்வளவு நினைக்கவில்லை. அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தயம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கிற நடை, நூறு பேரில் அவருக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றார். மணி அடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பதும், மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. தாழ்ப்பாளில் கையை வைத்தார். திறந்து யாராவது பார்த்து வைத்தால் அவன் வேலை போய்விடும். அவர் கை அங்கேயே நின்றது. தபால் போடுகிற சின்ன மூடி திறந்தது, ஏதோ ஒன்று உள்ளே விழுந்தது. காலடிச் சத்தம் படியிறங்கித் தெருவோடு போனது.

குனிந்து எடுத்தார். அவர் வீட்டுச் சாவி. மனைவி படுக்கையில் இருந்தபோது மச்சானிடம் கொடுத்த அதே சாவி. கறுப்பு வளையம் அதில் இல்லை. புத்தம்புதிய பச்சை வளையம் ஒன்று மாட்டியிருந்தது, எரிபொருள் மூட்டில் போடுகிற அதே அளவு, கொஞ்சம் தடிமன்.

பழக்கத்தில் அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். இழுத்துவிட்டார். நல்ல வளையம், பல வருடம் தாங்கும். அவன் சாவியைப் போய்ப் பார்த்திருக்கிறான். வெடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். நம்பியிருக்கிறான். இதை அவருக்குச் சொல்லாமலிருக்க அவனால் முடியவில்லை. சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தார்.

பிறகுதான் கையிலிருப்பது சாவி என்பது உறைத்தது. இந்தக் கதவை வெளியிலிருந்து திறந்துகொண்டு உள்ளே வந்து, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்க இனி உலகத்தில் ஒருவரும் இல்லை.

சமையலறைக்குப் போனார். இரண்டு முட்டையையும் உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் போட்டார்.